மாருதி உத்யோக்: இந்திய அரசும் சுசுகியும் பங்காளிகளாக இருந்த கால் நூற்றாண்டு

மாருதி உத்யோக் லிமிடெட் 1981 பிப்ரவரி 24 அன்று இந்திய அரசின் கார் தயாரிப்பு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 1982 அக்டோபர் 2 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி ஜப்பானின் சுசுகி நிறுவனம் 26 விழுக்காட்டுப் பங்குடன் அதில் சேர்ந்தது. 2007 மே மாதம் இந்திய அரசு தன்னிடம் மிஞ்சியிருந்த பங்கையும் விற்று வெளியேறியது. இன்று மாருதி சுசுகி என்ற பெயரில் உள்ள நிறுவனத்தின் பெரும்பான்மை உரிமையாளர் சுசுகியே.

வளரும் நாடுகளில் ஒரு நிறுவனம் அரசின் கையில் இருப்பது அந்நிய முதலீட்டை வரவழைக்குமா, விரட்டுமா என்பது பொருளியலில் பழைய கேள்வி. பெரும்பாலான பாடநூல்கள் விரட்டும் என்ற பக்கமே சாய்கின்றன. மாருதியின் வரலாறு அவ்வளவு எளிதாக அந்தப் பக்கம் சாய்வதில்லை. சுசுகி இந்தியாவுக்கு வந்ததற்கு அரசு பங்காளியாக இருந்தது பெரிய காரணம். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே சுசுகி நீதிமன்றத்துக்கும் நடுவர் மன்றத்துக்கும் போனதற்கும் அதுவே காரணம்.

பின்னணி: எண்ணெய் நிறுவனங்கள் கற்ற பாடம்

விடுதலைக்குப் பின் அந்நிய மூலதனம் பற்றிய இந்தியாவின் நிலையைப் பிரதமர் நேரு 1949 ஏப்ரல் 6 அன்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். உள்நாட்டு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் வேறுபாடு காட்டப்படாது, இலாபத்தை வெளியே கொண்டுபோகலாம், கையகப்படுத்த நேர்ந்தால் நியாயமான இழப்பீடு தரப்படும் என்பவை அதன் சாரம். அதை நம்பி முதலில் வந்தவை எண்ணெய் நிறுவனங்கள். ஸ்டான்வாக்கும் பர்மா ஷெல்லும் பம்பாயின் டிராம்பேயில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் சுத்திகரிப்பு ஆலைகளைத் திறந்தன. கால்டெக்ஸ் 1957இல் விசாகப்பட்டினத்தில் திறந்தது. இவற்றை 25 ஆண்டுகளுக்கு நாட்டுடைமை ஆக்குவதில்லை என்ற உறுதியை அரசு ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தது.

1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் எண்ணெய் உள்ளிட்ட 17 தொழில்களை அரசுத் துறைக்கு ஒதுக்கியது. 1959இல் அரசு தன் சொந்த எண்ணெய் விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியது. 1960இல் சோவியத் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது, அதைச் சுத்திகரித்துத் தரும்படி அரசு கேட்டது. மூன்று நிறுவனங்களும் மறுத்தன. தாய் நிறுவனங்களிடமிருந்து வரும் எண்ணெயை விற்பதே அவற்றின் இலாபத்துக்கு அடிப்படை. ஆனால் மறுத்த கையோடு தங்கள் எண்ணெயின் விலையைக் குறைக்கவும் அவை இணங்கின. அரசிடம் போட்டி நிறுவனம் ஒன்று இருப்பதன் பயன் அப்போது புது தில்லிக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அதன்பின் வந்த எண்ணெய்த் திட்டங்களில் அரசே பெரும்பான்மைப் பங்குதாரர். சென்னை மணலியில் அமைந்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1965இல் உருவான அந்த நிறுவனத்தில் இந்திய அரசுக்கு 74 விழுக்காடு, அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. ஆலை 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் இயங்கத் தொடங்கியது. 13 விழுக்காட்டை வைத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டு நிறுவனம் நிர்வாகத்தில் என்ன சாதிக்க முடியும் என்று கேட்கலாம். நிர்வாகம் அவர்களது நோக்கமே அல்ல. தங்கள் ஈரானிய எண்ணெய்க்கு நிலையான வாடிக்கையாளர் கிடைத்தால் போதும் என்றுதான் வந்தார்கள். அமோகோ 1985இல் தன் பங்கை இந்திய அரசிடமே விற்றுச் சென்றது. ஈரானின் பங்கு, சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறிய பின்பும் நீடித்தது.

பழைய மூன்று நிறுவனங்களின் கதை வேறு விதமாக முடிந்தது. 1974இல் எஸ்ஸோவின் இந்தியத் தொழிலில் 74 விழுக்காட்டை அரசு எடுத்துக்கொண்டது. 1976 ஜனவரியில் பர்மா ஷெல் அரசின் கைக்கு வந்து, பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. கால்டெக்ஸும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் கரைந்தது. இவையெல்லாம் இழப்பீடு கொடுத்து, பேச்சு நடத்திச் செய்யப்பட்டவை என்பதைச் சொல்ல வேண்டும். இடையில் 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. அதை ஏற்காத கோக்க கோலாவும் ஐ.பி.எம். நிறுவனமும் ஜனதா ஆட்சிக் காலத்தில் வெளியேறின. 1980இல் இந்தியாவைப் பார்த்த எந்த வெளிநாட்டுத் தொழிலதிபரின் மனத்திலும் இந்தப் பட்டியல் இருந்திருக்கும்.

நொடித்த நிறுவனம் அரசு நிறுவனமாதல்

மாருதி என்ற பெயர் 1971இல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி லிமிடெட் நிறுவனத்திலிருந்து வந்தது. முழுக்க உள்நாட்டிலேயே மலிவான சிறிய கார் செய்வது அதன் நோக்கம். கார் சந்தைக்கு வரவில்லை. 1978இல் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் காந்தி விமான விபத்தில் இறந்தார். அதே ஆண்டில் இந்திரா காந்தி அரசு முதலில் அவசரச் சட்டமாகவும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமாகவும் கொண்டுவந்து மாருதியின் சொத்துகளைக் கையகப்படுத்தியது. குர்கானில் நிலமும் சில கட்டடங்களும் இருந்தன. செய்வதற்குக் கார்தான் இல்லை.

நாட்டில் அப்போது ஆண்டுக்குச் சுமார் 40,000 கார்களே உற்பத்தியாயின. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியுமே சாலைகளில் பெரும்பான்மை. இரண்டும் ஐம்பதுகளின் வடிவமைப்புகள். இந்த நிலையில் கார் செய்வதற்கு அரசுக்கு வெளிநாட்டுக் கூட்டாளி தேவைப்பட்டார். தேடும் பொறுப்பு வி. கிருஷ்ணமூர்த்தியிடம் கொடுக்கப்பட்டது. கருவேலியில் பிறந்த தமிழரான இவர் சென்னை மாகாண மின்துறையில் பணியைத் தொடங்கி, திருச்சி பெல் நிறுவனத்தில் உயர்ந்து, பின்னர் பெல் முழுமைக்கும் தலைவரானவர். இந்திய ஆட்சிப் பணி அதிகாரியான ஆர்.சி. பார்கவா அவருடன் சேர்ந்தார். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பல நிறுவனங்களிடம் பேசினார்கள். பெரிய நிறுவனங்கள் தொழில்நுட்பத்தை விற்க ஆயத்தமாக இருந்தன. தங்கள் பணத்தைப் போடத்தான் தயங்கின. இந்தியாவின் சந்தை சிறியது, விதிகள் கடுமை, அரசு நிறுவனங்களின் பெயரும் அவ்வளவு நன்றாக இல்லை.

சுசுகி அப்போது ஜப்பானிலேயே சிறிய கார் நிறுவனம். அமெரிக்கச் சந்தையில் டொயோட்டாவுடன் மோதி வெல்லும் வலு அதற்கு இல்லை. அதன் தலைவர் ஒசாமு சுசுகி, தன் நிறுவனம் எங்கேயாவது ஒரு நாட்டில் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர். பேச்சுவார்த்தையைக் கீழ்மட்ட அலுவலர்களிடம் விடாமல் அவரே நேரில் நடத்தினார். இந்தியத் தரப்புக்கு இது பிடித்திருந்தது.

ஏன் 26 விழுக்காடு?

இந்த எண்ணைக் கடந்து போய்விட முடியாது. அரசு உரிமையுள்ள நிறுவனத்தில் அந்நிய முதலீட்டாளர் எதைத் தேடுகிறார் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

இந்திய நிறுவனச் சட்டப்படி, நிறுவனத்தின் அடிப்படை விதிகளை மாற்றுவது போன்ற முக்கியமான முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அது நிறைவேற, பதிவாகும் வாக்குகளில் முக்கால் பங்காவது ஆதரவாக இருக்க வேண்டும். கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் வேண்டாம் என்றால் அது விழுந்துவிடும். ஆக 26 விழுக்காடு நிறுவனத்தை நடத்தும் அதிகாரம் தராது. ஆனால் தன்னைக் கேட்காமல் விதிகளை மாற்றுவதைத் தடுக்கும் அதிகாரம் தரும். பங்கை 40 விழுக்காடு வரை உயர்த்திக்கொள்ளும் உரிமையையும் சுசுகி ஒப்பந்தத்தில் வாங்கி வைத்தது. அன்றைய சட்டத்தின் மேல்வரம்பும் அந்த 40தான்.

பெரும்பான்மை அரசிடம் இருந்ததால் மாருதி சட்டப்படி ஓர் அரசு நிறுவனம். அதன் விளைவுகள் சிறியவை அல்ல. கணக்குகள் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பார்வைக்குப் போகும். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். இயக்குநர்களை அமைச்சகம் நியமிக்கும். ஊதிய வரம்பு, கொள்முதல் நடைமுறை எல்லாம் அரசு விதிகளுக்கு உட்பட்டவை. ஒரு ஜப்பானிய நிறுவனம் இவற்றையெல்லாம் ஏன் பொறுத்துக்கொண்டது?

அரசு பங்காளியாக இருந்ததில் கிடைத்த ஆதாயங்கள் அவற்றைவிடப் பெரியவை. அந்தக் காலத்தில் கார் தயாரிக்க உரிமம் வேண்டும், இயந்திரம் இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும், உதிரிபாகத்துக்குச் சுங்க வரி கட்ட வேண்டும். தனியார் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. மாருதிக்கு இவை விரைவில் கிடைத்தன. எரிபொருள் சிக்கனமான சிறிய கார்களுக்குச் சுங்க வரியிலும் கலால் வரியிலும் சலுகை தரப்பட்டது. இலகு ரக வணிக வாகனங்களில் டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி, மாஸ்டா ஆகிய நான்கும் எண்பதுகளில் இந்தியக் கூட்டாளிகளுடன் அனுமதிக்கப்பட்டன. பயணிகள் காரில் சுசுகியைத் தவிர எந்த ஜப்பானிய நிறுவனத்துக்கும் இடம் கிடைக்கவில்லை. வண்டியோட்டியே சுங்கச்சாவடிக்கும் சொந்தக்காரராக இருந்தால் பயணம் எளிது. சுசுகி வாங்கியது அந்த வண்டியில் ஓர் இருக்கை.

இன்னொன்றும் உண்டு. அரசு விதிகளை உருவாக்கும் இடத்தில் இருந்துகொண்டு, முதலீடு வந்து இறங்கிய பின் அவற்றை மாற்றிவிடும் என்பதே வெளிநாட்டு முதலீட்டாளர்களின் முதன்மையான அச்சம். எண்ணெய் நிறுவனங்களுக்கு நடந்தது அதுதான். அரசே பங்குதாரராக இருந்தால், விதியை மாற்றி நிறுவனத்தை நெருக்கினால் அதன் பணமும் சேர்ந்து போகும். சட்ட உத்தரவாதத்தைவிட இந்தத் தன்னல உத்தரவாதம் வலுவானது என்பது என் கருத்து. 25 ஆண்டு உறுதிமொழி எழுதி வாங்கிய எண்ணெய் நிறுவனங்கள் போய்விட்டன. எழுதி வாங்காத சுசுகி இன்றும் இருக்கிறது.

நல்ல ஆண்டுகள்

1983இல் முன்பதிவு தொடங்கியபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டிக் காத்திருந்தார்கள். ஒரு கார்கூட வெளிவராத நிலையில் சேர்ந்த அந்த வைப்புத்தொகை, திட்டத்துக்கு நல்ல நிதி ஆதாரமாகவும் அமைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று, சஞ்சய் காந்தியின் பிறந்த நாளில், முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். விலை சுமார் 50,000 ரூபாய்.

குர்கான் ஆலையில் மேலாளர்களும் தொழிலாளர்களும் ஒரே சீருடை அணிந்து ஒரே உணவகத்தில் சாப்பிட்டார்கள். தனி அறைகள் கிடையாது. அன்றைய இந்திய அலுவலகங்களை, அதிலும் அரசு அலுவலகங்களை, அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். கிருஷ்ணமூர்த்தி அமைச்சகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் நின்று, கோப்புகள் ஆலைக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டார். இந்தக் காலத்து வெற்றியை அரசு உரிமையின் வெற்றி என்று சொல்வதைவிட, அரசு தன் உரிமையைப் பயன்படுத்தாமல் இருந்ததன் வெற்றி என்பதே பொருத்தம். அது தனிமனிதர்களைச் சார்ந்த ஏற்பாடு. பிரதமர் அலுவலகத்தின் ஆதரவு இருக்கும்வரை நடக்கும்.

1985க்குப் பின் யென்னின் மதிப்பு வேகமாக ஏறியது. ஜப்பானிலிருந்து வந்த உதிரிபாகங்களின் விலை எகிறியது, காரின் விலையும் ஏறியது. உதிரிபாகங்களை உள்நாட்டில் செய்யும் முயற்சியை இது விரைவுபடுத்தியது. மாருதியே சிறு பங்கு எடுத்துக்கொண்டு பல உதிரிபாக நிறுவனங்களைத் தொடங்கவைத்தது. அவற்றில் பலவற்றுக்கு ஜப்பானியத் தொழில்நுட்பக் கூட்டாளிகள் அமைந்தார்கள். பின்னாளில் இந்தியாவுக்கு வந்த மற்றக் கார் நிறுவனங்கள் இந்த உதிரிபாகத் தொழில் அடித்தளத்தின் பயனை அனுபவித்தன.

சுசுகி தன் பங்கை முதலில் 40 விழுக்காடாக உயர்த்திக்கொண்டது. தாராளமயமாக்கலுக்குப் பின் 1992இல் அது 50 விழுக்காடாயிற்று. அரசின் பங்கு 50க்குச் சற்றுக் கீழே இறங்கியது. மாருதி அன்றோடு சட்டப்படி அரசு நிறுவனம் என்ற நிலையை இழந்தது. நாடாளுமன்ற, தணிக்கைக் கட்டுகள் அவிழ்ந்தன. ஆனால் யார் கை ஓங்கியது என்ற கேள்விக்கு ஒப்பந்தம் விடை சொல்லவில்லை. தலைவர் பதவியையும் மேலாண் இயக்குநர் பதவியையும் இரு தரப்பும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி நிரப்புவது என்று ஏற்பாடு. 1992இல் மேலாண் இயக்குநர் சுசுகியின் முறை. பார்கவா அந்தப் பதவியில் இருந்தார். 1997இல் அரசின் முறை வந்தது.

1997: பதவிச் சண்டை

ஐக்கிய முன்னணி ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்தவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முரசொலி மாறன். 1997 ஆகஸ்ட் 27 அன்று அரசு ஆர்.எஸ்.எஸ்.எல்.என். பாஸ்கருடுவை மேலாண் இயக்குநராக நியமித்தது. இவர் பல ஆண்டுகள் மாருதியிலேயே பணியாற்றிய அதிகாரி. சுசுகி எதிர்த்தது. தன்னுடன் கலந்து பேசி ஒப்புதல் பெறவில்லை, அவர் அந்தப் பதவிக்குத் தகுந்தவர் அல்லர் என்றது. நம் முறையில் நாம் நியமிக்கிறோம், இதில் ஒப்புதல் எதற்கு என்பது அரசின் நிலை. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்கும், பின் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கும் போனது.

ஒரு மனிதரின் பதவி இவ்வளவு பெரிய வழக்காவதற்குக் காரணம், அதற்குக் கீழே புதைந்திருந்த இரண்டு சிக்கல்கள். முதலாவது பணம். போட்டி வரப்போவது தெரிந்ததால் சுசுகி ஆலையை விரிவாக்கவும் புதிய மாதிரிகளைக் கொண்டுவரவும் விரும்பியது. அதற்குப் பங்கு மூலதனத்தை உயர்த்தினால் அரசும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும். போடாவிட்டால் அதன் விழுக்காடு குறைந்து சுசுகி பெரும்பான்மை ஆகிவிடும். பற்றாக்குறை வரவு செலவுத் திட்டம் போடும் அரசு கார் நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்குவது கடினம். விழுக்காட்டை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. ஆகவே நிறுவனம் தன் சொந்த வருவாயிலேயே வளரட்டும் என்றது. கையில் பணமில்லாத, ஆனால் பிடியை விட விரும்பாத பங்குதாரர் நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் தடையாவது அரசுத் துறையில் அடிக்கடி காணப்படுவது.

இரண்டாவது தொழில்நுட்பம். பற்சக்கரப் பெட்டி போன்ற முக்கிய பாகங்களை உள்நாட்டில் செய்யச் சுசுகி தயங்குகிறது, ஜப்பானிலிருந்து பாகம் விற்றே இலாபம் பார்க்கிறது என்பது அரசின் குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. கூட்டு முயற்சியில் அந்நிய நிறுவனம் பங்காளி மட்டுமல்ல, பொருள் விற்பவரும்கூட. பங்காளியாகக் கிடைக்கும் இலாபத்தை மற்றவருடன் பகிர வேண்டும். விற்பவராகக் கிடைப்பது முழுக்க அதற்கே. மணலி ஆலையில் அமோகோவின் நிலையும் இதுவே.

1998இல் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் புதிய தொழில் அமைச்சர் சிக்கந்தர் பக்த் காலத்தில் சமரசம் ஏற்பட்டது. பாஸ்கருடு 1999 டிசம்பர் 31 வரை பதவியில் இருப்பார், அதன்பின் ஜகதீஷ் கட்டர் வருவார் என்று முடிவாகி, வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

சண்டை நடந்த காலம்தான் மிகவும் தவறான காலம். தென் கொரியாவின் ஹூண்டாய் 1996இல் தன் முழுச் சொந்த நிறுவனத்தை இந்தியாவில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டியது. 1998இல் அதன் சான்ட்ரோ வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டாடா இண்டிகா அறிமுகமானது. டேவூவின் மாட்டிஸும் சேர்ந்துகொண்டது. எண்பது விழுக்காட்டை ஒட்டி இருந்த மாருதியின் சந்தைப் பங்கு சில ஆண்டுகளில் அறுபதுக்குக் கீழே போயிற்று. 2000ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் குர்கானில் வேலைநிறுத்தம் வேறு. 2000–01 நிதியாண்டில் மாருதி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக, சுமார் 269 கோடி ரூபாய் இழப்பைக் காட்டியது.

ஹூண்டாய் முழு உரிமையுடன் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1982இல் அரசின் கையைப் பிடிக்காமல் உள்ளே வர முடியாது. 1996இல் யார் கையையும் பிடிக்கத் தேவையில்லை. சுங்கச்சாவடிகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டபின், அதன் சொந்தக்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதில் சுசுகிக்கு ஆதாயம் குறைந்து சுமை மட்டும் மிஞ்சியது.

கட்டுப்பாட்டின் விலை

வாஜ்பாய் அரசில் பங்கு விலக்கலுக்குத் தனி அமைச்சகம் இருந்தது. அருண் ஷோரி அதன் அமைச்சர். 2002 மே மாதம் சுசுகியுடன் ஒப்பந்தம் ஆயிற்று. மாருதி 400 கோடி ரூபாய்க்கு உரிமைப் பங்குகளை வெளியிடும். அரசு தனக்குரிய பகுதியைச் சுசுகிக்கு விட்டுக்கொடுக்கும். அதற்காகச் சுசுகி 1,000 கோடி ரூபாயைக் கட்டுப்பாட்டுக்கான கூடுதல் விலையாக அரசுக்குத் தரும். சுசுகியின் பங்கு 50லிருந்து 54.2 விழுக்காடாக உயரும்.

கணக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஏறக்குறைய நான்கு விழுக்காடு கூடுவதற்கு 1,000 கோடி. அந்த நான்கு விழுக்காட்டின் இலாப ஈவு பல பத்தாண்டுகள் வந்தாலும் இந்தத் தொகைக்கு ஈடாகாது. அமைச்சரைக் கேட்காமல் மேலாண் இயக்குநரை நியமிப்பதற்கும், விரிவாக்கத்தை முடிவு செய்வதற்கும் கொடுத்த விலை அது. அரசு பங்காளியாக இருப்பதால் ஏற்படும் செலவை இவ்வளவு வெளிப்படையாக ரூபாயில் எழுதிக் காட்டிய எடுத்துக்காட்டு வேறு அதிகம் இல்லை. அரசின் பேரத்திறமை இந்த இடத்தில் பாராட்டுக்குரியது. பொதுப் பங்கு வெளியீட்டில் குறைந்தபட்ச விலைக்குச் சுசுகியே பொறுப்பேற்கும் என்பதையும் அது வாங்கி வைத்தது.

2003 ஜூனில் 5 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு 125 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. வெளியீட்டு அளவைப்போலப் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அரசுக்குச் சுமார் 990 கோடி கிடைத்தது. 2006 ஜனவரியில் 8 விழுக்காட்டை நிதி நிறுவனங்களுக்குச் சுமார் 1,567 கோடிக்கும், 2007 மே மாதம் எஞ்சிய பத்து விழுக்காட்டைச் சுமார் 2,360 கோடிக்கும் விற்றது. நான்கு ஆண்டுகளில் பங்கின் விலை ஆறு மடங்கு. அரசு விலகியதால்தான் இந்த உயர்வு என்று எழுதுபவர்கள் உண்டு. அதே நான்கு ஆண்டுகளில் பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடே சுமார் நான்கு மடங்கானதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உயர்வில் ஒரு பகுதியை மட்டுமே உரிமை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியும்.

மறுபக்கம்: கோல் இந்தியா

மாருதியில் அந்நிய முதலீட்டாளர் தொழில்நுட்பம் கையில் வைத்திருந்த பங்காளி. அவர் போய்விட்டால் கார் இல்லை. பங்குச் சந்தையில் பங்கு வாங்கி மட்டும் உள்ளே வரும் முதலீட்டாளரின் நிலை வேறு. 2010இல் கோல் இந்தியாவின் 10 விழுக்காட்டை அரசு பங்கு ஒன்றுக்கு 245 ரூபாய் வீதம் விற்று ஏறத்தாழ 15,200 கோடி திரட்டியது. அதில் ஒரு விழுக்காட்டைச் சற்றுத் தாண்டிய பங்கை வைத்திருந்த லண்டனின் டி.சி.ஐ. நிதியம், 2012இல் இயக்குநர்கள் மீது சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று கடிதம் எழுதியது. பன்னாட்டு விலையைவிட மிகக் குறைவாக நிலக்கரியை விற்கிறார்கள், அரசு சொன்னதற்காக விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள் என்பது அதன் புகார். அந்த ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பெயரில், மின் நிலையங்களுடன் நிலக்கரி வழங்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும்படி கோல் இந்தியாவுக்கு ஆணை வந்தது. நிறுவனத்தின் விதிகளிலேயே அப்படி ஆணையிடும் அதிகாரம் அரசுக்கு இருந்தது.

நிதியம் கொல்கத்தா, தில்லி உயர் நீதிமன்றங்களுக்குப் போனது. 2014இல் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. நிதியத்தின் வாதத்தில் சட்ட நியாயம் இருந்தாலும், நிலக்கரி விலை ஏறினால் மின்கட்டணம் ஏறும், அதைத் தாங்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அரசு 90 விழுக்காட்டின் உரிமையாளர் மட்டுமல்ல, மின்சாரம் கேட்டு நிற்கும் மக்களின் பிரதிநிதியும்கூட. மாறாக, அதே கோல் இந்தியா 2014 ஜனவரியில் பங்கு ஒன்றுக்கு 29 ரூபாய் இடைக்கால ஈவு அறிவித்தது. நிதிப் பற்றாக்குறையை அடைக்க அரசுக்குப் பணம் தேவைப்பட்ட நேரம் அது. சிறுபான்மைப் பங்குதாரர்களுக்கும் அதே 29 ரூபாய் கிடைத்தது. அரசின் தேவை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மற்றப் பங்குதாரர்களும் இழுபட்டார்கள்.

அரசு போன பின்

2007 செப்டம்பரில் நிறுவனத்தின் பெயர் மாருதி சுசுகி இந்தியா என்று மாறியது. 2014 ஜனவரியில், குஜராத்தில் கட்டவிருந்த புதிய ஆலையை மாருதிக்குப் பதிலாகச் சுசுகியே முழுச் சொந்தமாகக் கட்டி, அங்கு செய்யும் கார்களை மாருதிக்கு விற்கும் என்று அறிவிப்பு வந்தது. இந்தியப் பரஸ்பர நிதியங்கள் கொதித்தெழுந்தன. பெரும்பான்மைப் பங்குதாரர் தன் நலனுக்காக நிறுவனத்தை வளைக்கிறார் என்று அவை எழுதிய கடிதங்கள், சுசுகி ஒருகாலத்தில் அரசைப் பற்றிச் சொன்னவற்றை நினைவூட்டின. ஏற்பாட்டின் நிபந்தனைகள் திருத்தப்பட்டு, சிறுபான்மைப் பங்குதாரர்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. 2015 டிசம்பரில் அவர்கள் ஒப்புதல் அளித்தார்கள். 2023இல் மாருதி அந்த ஆலையைச் சுசுகியிடமிருந்து வாங்கிக்கொண்டது.